இருட்டில் பார்க்கும் விளக்கு: போர்க்களத்திலிருந்து நம் கார் பார்க்கிங் வரை



சென்ற காலாண்டில் நம் வளாகத்தின் பழைய சிசிடிவி கேமராக்களைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டினோம். கழற்றியவை அலுவலக அறையில் ஒரு அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன. அதைப் பார்த்த நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டார். "இந்த கேமராக்களில் இருட்டிலும் படம் தெரிகிறதே, அந்த இன்ஃப்ரா ரெட் விளக்குகளைக் கழற்றி காருக்கு முன்னால் மாட்டி, டாஷ்போர்டில் ஒரு சின்னத் திரை வைத்துக்கொண்டால் ஈ.சி.ஆர். சாலையில் ராத்திரி வண்டி ஓட்டச் சௌகரியமாக இருக்காதா?" என்று கேட்டிருந்தார். சிலர் கட்டைவிரல் உயர்த்தினார்கள், சிலர் சிரித்தார்கள். கேள்வி அதோடு நின்றுவிட்டது.

கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் இடமுண்டு, சென்னைக்குப் பக்கத்து ஆவடிக்கும் இடமுண்டு. வணிகவியல் படித்து வங்கியில் பேரேடு எழுதியவன் நான், பொறியாளன் அல்ல. ஆனாலும் பற்று எது, வரவு எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. அப்படிப் பிரித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1800-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் (யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் இவர்தான்) சூரிய ஒளியை ஒரு பட்டகத்தின் வழியாக விட்டு ஏழு வண்ணங்களாகப் பிரித்தார். எந்த நிறத்தில் எவ்வளவு சூடு என்று பார்ப்பதற்காக ஒவ்வொன்றிலும் வெப்பமானி வைத்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் சூடு ஏறியது. அங்கே ஏதோ ஒரு ஒளி இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்தது. அதைத்தான் அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

இதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையை செல்போனின் முன்பக்க கேமராவுக்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலான போன்களின் திரையில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம் மின்னும். நம் சிசிடிவி கேமராவின் லென்ஸைச் சுற்றிக் கறுப்பாகப் பதிந்திருக்கும் சிறு எல்.இ.டி.க்களும் இந்த வகைதான். பெரும்பாலானவை 850 நானோமீட்டர் அலைநீளத்தில் எரிபவை. இருட்டில் கிட்டே போய்ப் பார்த்தால் மங்கலான சிவப்புக் கனல் போலத் தெரியும். 940 நானோமீட்டர் வகையில் அந்தக் கனலும் தெரியாது.

ஆக, விளக்கு எரிகிறது. ஆனால் அது எரிவது அதற்கான கருவி வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இதைச் சுற்றித்தான் போகிறது.

வெளிச்சம் ஆபத்தான காலம்

இருட்டில் விளக்கில்லாமல் பார்க்க வேண்டும் என்ற தேவை எப்படி வந்தது? நம் கடற்கரையே ஒரு பதில் சொல்லும்.

1914 செப்டம்பர் 22, இரவு. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சென்னைத் துறைமுகத்தில் வழக்கம்போல விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் தன் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்து, கரைக்குப் பக்கத்தில் நின்று, சட்டென்று தேடொளி விளக்கைப் போட்டுச் சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மறைந்தது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்றைக்குப் பிறந்த வழக்கு. எம்டனின் சாமர்த்தியத்தில் பாதி, விளக்கை எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்று தெரிந்திருந்ததுதான்.

அடுத்த உலகப்போரில் இருட்டு அரசாங்கக் கட்டளையாகவே வந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. கொழும்பு நம் காரைக்காலுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, சுமார் 440 கிலோமீட்டர். ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. ஏப்ரல் 9-ஆம் தேதி திரிகோணமலை. அது நமக்குச் சுமார் 300 கிலோமீட்டர்தான். அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1940 செப்டம்பரிலேயே பிரெஞ்சிந்தியா ஜெனரல் டி கால் பக்கம் சேர்ந்துவிட்டதால், நாமும் நேச நாடுகளின் அணியில்தான் இருந்தோம். சென்னையில் அந்த ஏப்ரலில் ஊரே காலியானது. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டும் போட்டுவிட்டுப் போனது.

விமானத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஊர் தெரியக்கூடாது என்பதற்காக உலகம் முழுவதும் இருட்டடிப்பு வந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, தெருவிளக்குக்கு மூடி, வாகன முகப்பு விளக்குக்கு மெல்லிய கீற்று மட்டும் விழும்படியான கவசம்.

இதன் செலவு என்ன என்று பிரிட்டனின் கணக்கு காட்டுகிறது. அங்கே 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி இருட்டடிப்பு தொடங்கியது. 1938-இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 6,600 பேர். 1941-இல் அது 9,000-ஐத் தாண்டியது. இத்தனைக்கும் பெட்ரோல் ரேஷனில் இருந்தது. சாலையில் ஓடிய தனியார் கார்கள் குறைந்திருந்தன. அந்த நாட்டுச் சாலை வரலாற்றில் அதைவிட மோசமான வருடம் இன்றுவரை இல்லை. குண்டுக்குத் தப்பியவர்கள் பலர் சொந்த ஊர் வண்டிக்குத் தப்பவில்லை. கடைசியில் அரசாங்கமே நடைபாதை ஓரக் கற்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளை அடித்தது. இரவில் நடப்பவர்கள் வெள்ளையாக ஏதாவது உடுத்துங்கள், கையில் வெள்ளையாக ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது.

போர்க்களத்தில் கறுப்பு விளக்கு

படைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரியது. இரவில் லாரியும் டாங்கியும் நகர வேண்டும். விளக்குப் போட்டால் எதிரி சுடுவான். போடாவிட்டால் பள்ளத்தில் விழ வேண்டும்.

வழி நெதர்லாந்திலிருந்து வந்தது. 1934 வாக்கில் ஐந்தோவன் நகரிலிருந்த பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஹோல்ஸ்ட், தெ போர் ஆகியோர் ஒரு கண்ணாடிக் குழாய் செய்தார்கள். அதன் ஒரு முனையில் சீசியம் கலந்த மெல்லிய பூச்சு. அதன்மேல் அகச்சிவப்பு ஒளி விழுந்தால் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவற்றை உயர் மின்னழுத்தத்தால் வேகப்படுத்தி மறுமுனைத் திரையில் மோதவிட்டால், திரை ஒளிர்ந்து படம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தெரியும் ஒளியாக மாற்றித் தரும் குழாய் அது. செலாவணி மாற்றும் கவுண்டர் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

போர் முடியும் தறுவாயில் ஜெர்மனி இதைத் தன் பாந்தர் டாங்கிகள் சிலவற்றில் மாட்டியது. எஃப்.ஜி. 1250 என்று பெயர். அகச்சிவப்பு வடிகட்டி போட்ட ஒரு தேடொளி விளக்கு, அதோடு ஒரு பார்வைக் குழாய். பார்ப்பவர் டாங்கியின் தளபதி மட்டுமே. கீழே இருக்கும் ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. தளபதி "இடது, வலது" என்று வாயால் சொல்லச் சொல்ல அவர் ஓட்ட வேண்டும். பிரிட்டனில் இதே வகைக் கருவிகளுக்கு "டேபி" என்று ரகசியப் பெயர். வரிப்பூனைக்கு ஆங்கிலத்தில் உள்ள செல்லப்பெயர் அது, பூனைக்குத்தான் இருட்டில் கண் தெரியுமே. அமெரிக்கர்கள் துப்பாக்கியின்மேல் சிறு அகச்சிவப்பு விளக்கையும் பார்வைக் குழாயையும் மாட்டி 1945-இல் ஒகினாவா தீவில் பயன்படுத்தினார்கள். அதற்கான பேட்டரியை வீரர் முதுகில் சுமந்தார்.

ஆவடிக்கு வந்த கதை

இந்தத் தொழில்நுட்பத்தைப் போருக்குப் பின் மிகப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டவர்கள் சோவியத் நாட்டவர். அவர்களுடைய டி-54, டி-55 டாங்கிகளைப் படத்தில் பார்த்தால் பீரங்கிக் குழலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வட்ட விளக்கு தெரியும். அதுதான் அகச்சிவப்புத் தேடொளி விளக்கு. "லூனா", அதாவது நிலா, என்று அதற்குப் பெயர். ஓட்டுநருக்குத் தனியாக அகச்சிவப்பு வடிகட்டி போட்ட ஒரு முகப்பு விளக்கும், பகல் பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்திக்கொள்ளும் இரவுக் கருவியும் உண்டு.

இந்தியா இந்த டாங்கிகளை வாங்கியது. பிறகு டி-72 வந்தது. அதை நம் நாட்டிலேயே, ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரித்தார்கள். 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததும் அதே ஆலையிலிருந்துதான். இங்கே தயாரான டி-72-க்கு "அஜேயா" என்று பெயர். குடியரசு தின அணிவகுப்பில் அதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் பீரங்கிக் குழலுக்குப் பக்கத்திலும் அந்தக் கறுப்புக் கண்ணாடி போட்ட வட்ட விளக்கு இருக்கிறது. ஆக, வண்டியில் அகச்சிவப்பு விளக்கு மாட்டும் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆவடித் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் செய்த வேலை அது.

இதில் ஒரு விவரம் முக்கியம். அந்த டாங்கி ஓட்டுநர் தன் இரவுக் கருவியில் பார்க்கும் தூரம் ஏறக்குறைய 50, 60 மீட்டர்தான். டாங்கி இரவில் மெதுவாக ஊர்ந்து போகும். தெரியாமல் எதன்மேலாவது மோதினாலும் உள்ளே இருப்பவருக்கு அடிபடாது. நம் கார் அப்படியல்ல.

படைகள் ஏன் கைவிட்டன?

கறுப்பு விளக்குக்கு ஒரு பெரிய குறை இருந்தது. எதிரியிடமும் அதே பார்வைக் குழாய் இருந்தால், நம் விளக்கு அவனுக்குக் கார்த்திகை தீபம் போலத் தெரியும். ஒளிந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் இடத்தை நாமே காட்டிக்கொடுப்போம். 1973 அக்டோபர் போரில் கோலான் குன்றுகளில் சிரியாவின் டாங்கிகள் அகச்சிவப்புக் கருவிகளோடு இரவில் முன்னேறியபோது, அந்த அளவு கருவிகள் இல்லாத இஸ்ரேலியர்கள் திணறினார்கள். ஒருவரிடம் மட்டும் இருக்கும்வரை அது வரம். இரண்டு பக்கமும் வந்துவிட்டால் முதலில் விளக்கைப் போடுபவருக்கே ஆபத்து.

அதனால் விளக்கே தேவைப்படாத கருவிகளைத் தேடினார்கள். 1960-களின் நடுவில் வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் நட்சத்திர வெளிச்சத்தையே பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் மனிதர், எஞ்சின் ஆகியவற்றின் உடல்சூட்டையே படமாகக் காட்டும் வெப்பப் படக் கருவிகள் வந்தன. நம் நாட்டில் இரவுப் பார்வைக் கருவிகள் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்று ஆந்திரக் கடற்கரையில், மச்சிலிப்பட்டினத்தில் இருக்கிறது.

புதியது வந்தால் பழையது என்ன ஆகும்? ஏலத்துக்கு வரும். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இந்தியாவில் மிலிட்டரி டிஸ்போசல் லாரிகளும் ஜீப்புகளும் விலைக்கு வந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அதேபோல அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உபரி அகச்சிவப்புக் குழாய்கள் கடைக்கு வந்தன. எலெக்ட்ரானிக்ஸ் பிரியர்கள் வாங்கித் தாங்களே பார்வைக் கருவி செய்து பார்த்தார்கள். இன்றைக்கு அந்த இடத்தை சிசிடிவி பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் படைகளின் ரகசியமாக இருந்தது, இப்போது சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் அட்டைப் பெட்டியில் கிடப்பதும் அந்தப் பரம்பரையின் கடைக்குட்டிதான்.

கார் கம்பெனிகள் செய்தது என்ன?

கார்களில் இது வந்ததே இல்லையா என்றால், வந்தது. 2000-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் டிவில் காரில் வெப்பப் படக் கருவி பொருத்தினார்கள். படம் முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் தெரியும். சில ஆண்டுகளிலேயே வாங்குவோர் குறைந்து நிறுத்திவிட்டார்கள். 2002-இல் டொயோட்டா, அகச்சிவப்பு விளக்கு வைத்த முறையைத் தன் உயர்ரகக் காரில் தந்தது. 2004-இல் ஹோண்டா லெஜண்ட், நடப்பவர் யாராவது எதிரே தென்பட்டால் எச்சரிக்கும் வசதியோடு வந்தது. 2005-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் முகப்பு விளக்குக்குள்ளேயே அகச்சிவப்பு விளக்கும் சேர்ந்தது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. எந்தக் கம்பெனியும் சாதாரண முகப்பு விளக்குக்குப் பதிலாக இதைத் தரவில்லை. முகப்பு விளக்கு முழுதாக எரியும், அதற்கு மேலே இது ஒரு கூடுதல் உதவி, அவ்வளவுதான். காரணம் நம் கதையின் நடுவே இருக்கிறது. படைக்கு வேண்டியது "நான் பார்க்க வேண்டும், என்னை யாரும் பார்க்கக்கூடாது" என்பது. சாலையில் வேண்டியது "நான் பார்க்க வேண்டும், என்னையும் எல்லோரும் பார்க்க வேண்டும்" என்பது. முகப்பு விளக்கின் பாதி வேலை நமக்கு வழி காட்டுவது. மீதிப் பாதி, நாம் வருகிறோம் என்று எதிரே வருபவருக்கும், சாலையைக் கடக்க நிற்பவருக்கும் சொல்வது. அகச்சிவப்பு விளக்கு அந்தப் பின்பாதி வேலையைச் செய்யவே செய்யாது. அதைச் செய்யக்கூடாது என்பதற்காகவே அது கண்டுபிடிக்கப்பட்டது.

நம் சாலைக்கு ஒரு கணக்கு

வீட்டில் செய்த அமைப்பு எவ்வளவு உதவும் என்று கணக்குப் போடுவோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். எதிரே ஒன்றைக் கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் வண்டி 30 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 28, 29 மீட்டர் வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 60 மீட்டர். மழையில் இன்னும் கூடும்.

சாதாரண சிசிடிவி கேமராவின் பெட்டியில் என்ன போட்டிருக்கிறது? இரவுப் பார்வை 20 மீட்டர் அல்லது 30 மீட்டர். அதுவும் அசையாமல் நிற்கும் கேமராவுக்கு. அதாவது பிரேக்கில் கால் படும்போதே அந்த 30 மீட்டர் முடிந்துவிடும். அதன்பின் பிரேக் பிடித்து என்ன பயன்?

எதிரே வரும் வண்டியின் ஹை பீம் கூச்சத்திலிருந்து தப்பலாமே என்று சிலர் நினைக்கலாம். நம் கேட் கேமராவின் ராத்திரிப் பதிவைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். கார் விளக்கோடு உள்ளே திரும்பியதும் திரை முழுக்க வெள்ளையாகிவிடும், நம்பர் பிளேட்கூடப் படிக்க முடியாது. நம் கண் கூசும் அதே நேரத்தில் கேமராவும் கூசிப்போகிறது. ஹாலஜன் பல்பு என்றால் இன்னும் மோசம். அது தரும் சக்தியில் பெரும்பகுதி அகச்சிவப்பாகவே வெளிவருகிறது. பனிமூட்டத்திலும் பெரிய லாபம் இல்லை. சிசிடிவி வகை அகச்சிவப்பு ஒளியும் சாதாரண ஒளி போலவே பனித்துளிகளில் பட்டுத் திரும்பி வந்துவிடும். இதெல்லாம் போக, ஓட்டுபவரின் கண் சாலையை விட்டுத் திரைக்குப் போய்ப் போய் வர வேண்டும்.

நம் பக்கத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். சீர்காழியிலிருந்து தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால், அங்கிருந்து நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. அறுவடைக் காலத்தில் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதைச் சுற்றிக் கல்லை வைத்திருப்பார்கள். வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் பின்விளக்கு இல்லாமல் போகும். வங்கியில் நாங்கள் டிராக்டர் கடன் கொடுத்த காலத்திலிருந்தே டிரெய்லர் என்றால் பின்விளக்கில்லாத ஒன்று என்றுதான் பார்த்து வருகிறேன். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறார்கள், பாதிப் பேர் ராத்திரியில்தான் நடக்கிறார்கள். சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு விடியுமுன்பே வண்டிகள் வரிசை கட்டும். இவர்களில் யாரிடமும் அகச்சிவப்பு பார்க்கும் கருவி இல்லை. நம் கார் வருவது அவர்களுக்குத் தெரிய ஒரே வழி நம் முகப்பு விளக்கு. திரையில் எல்லாம் தெரிகிறதே என்ற தைரியத்தில் ஒருவர் அதை மங்கலாக்கினால், 1941-இல் பிரிட்டன் கொடுத்த விலையை நம் சாலையில் யாரோ ஒரு பாதயாத்திரைக்காரர் கொடுக்க நேரும்.

சட்டமும் கண்ணும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108-ஆம் விதி, வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக்கூடாது என்கிறது. 850 நானோமீட்டர் விளக்குகளை வரிசையாக மாட்டினால் முன்பக்கம் சிவப்பாகக் கனலும். ஆர்.டி.ஓ.விடம் "இது விளக்கே இல்லை சார், கண்ணுக்குத் தெரியாது" என்று வாதாட முடியாது. இன்சூரன்ஸ் கிளெய்ம் வரும்போது மாற்றம் செய்த வண்டி என்ற பேச்சும் எழலாம்.

கண்ணுக்கும் ஒரு கவலை உண்டு. பளிச்சென்று வெளிச்சம் பட்டால் கண்ணை மூடுகிறோம், கண்மணி சுருங்குகிறது. அகச்சிவப்புக்கு அந்த எச்சரிக்கை இல்லை. எவ்வளவு பலமாக அடித்தாலும் கண் திறந்தபடியே இருக்கும். உலைக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்குக் கண்புரை வருவது பழைய காலத்திலிருந்தே மருத்துவர்கள் அறிந்தது. ஒன்றிரண்டு சிசிடிவி எல்.இ.டி.யால் அப்படி ஆகிவிடாது. ஆனால் பலமான விளக்குகளைக் கொத்தாக பம்பரில் மாட்டி, பார்க்கிங்கில் நிற்கும்போதும் எரியவிட்டால், அது இருப்பது நம் குழந்தைகளின் கண் உயரத்தில். மெர்சிடிஸ் காரில் அந்த விளக்கு வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் எரியும்படி வைத்தார்கள்.

வேறு என்ன செய்யலாம்?

பற்றுப் பக்கம் இவ்வளவு எழுதிவிட்டேன். வரவுப் பக்கத்துக்கு ஒன்று வேண்டும். அதுவும் அதே காலத்துக் கதைதான்.

ஹோல்ஸ்டும் தெ போரும் அந்தக் குழாயைச் செய்த அதே 1934 வாக்கில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பெர்சி ஷா என்பவர் சாலையில் பதிக்கும் "பூனைக்கண்" பிரதிபலிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பேட்டரி கிடையாது, குழாய் கிடையாது. வண்டியின் வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும் கண்ணாடி மணிகள், அவ்வளவுதான். இருட்டடிப்புக் காலத்தில் கவசம் போட்ட மங்கல் விளக்குக்குக்கூட அது பதில் சொன்னதால் பிரிட்டன் முழுவதும் பரவியது. நம் ஈ.சி.ஆர். சாலையின் நடுக்கோட்டில் மின்னும் ஸ்டட்டுகளும் அதே தத்துவம்தான். ஒரே காலத்தில் பிறந்த இரண்டு பூனைகள். ஒன்று இருட்டில் ஒளிந்து பார்க்கும் பூனை, மற்றொன்று "நான் இங்கே இருக்கிறேன்" என்று கண் மின்னும் பூனை. சாலைக்கு உதவுவது இரண்டாவதுதான்.

ஆகவே கார் வைத்திருப்பவர்களுக்குச் சில சின்ன வேலைகள். உப்புக் காற்றில் முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் படிவம் பிடிக்கிறது, உள்பக்கமும் எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு படலம் சேர்கிறது. எதிர் விளக்கு கூசுவதில் பாதி அதனால்தான். வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் துடையுங்கள். ஐந்தாறு வருடமான வண்டியில் முகப்பு விளக்கின் மூடி மஞ்சள் பாரித்திருந்தால் மெக்கானிக்கிடம் பாலிஷ் போடச் சொல்லுங்கள். விளக்கு சரியான கோணத்தில் விழுகிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். எதிரே வண்டி வந்தால் டிம் பண்ணுங்கள். மேலே சொன்ன 60 மீட்டர் கணக்கை வைத்து இரவில் வேகத்தைக் குறையுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் வளாகத்தில் இரவு 8 மணிக்கு டியூட்டி மாறும் செக்யூரிட்டி அண்ணன்கள் சைக்கிளில்தான் வீடு போகிறார்கள். வீட்டு வேலை முடித்துப் போகும் அக்காக்கள் விளக்கில்லாத சாலை ஓரமாக நடந்துபோய் பஸ் பிடிக்கிறார்கள். விடியற்காலையில் பால், பேப்பர் போடும் பையன்களும் சைக்கிள்தான். சிவப்பு, வெள்ளைப் பிரதிபலிப்பு ஒட்டுப் பட்டை ஒரு சுருள் வாங்கினால் இவர்கள் எல்லோருடைய சைக்கிளின் மட்கார்டுக்கும், கைப்பைக்கும் போதும். செலவு நம் ஒரு மாத லிஃப்ட் பராமரிப்புத் தொகையில் சிறு துளிகூட வராது. அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொண்டால் நல்லது. ஒட்டும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் வருகிறேன், இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

அட்டைப் பெட்டியில் கிடக்கும் பழைய கேமராக்களில் வேலை செய்பவற்றை பின்பக்க ஜெனரேட்டர் அறைக்கும் மோட்டார் அறைக்கும் மாட்டலாம். அசையாமல் ஒரு இடத்தில் இருந்து பார்ப்பதுதான் அவற்றுக்கான வேலை.